எலித்தெள்ளுக் காய்ச்சல்

எலித்தெள்ளுக் காய்ச்சல் அல்லது முரைன் டைபஸ் என்பது ரிக்கெட்சியா டைஃபி என்னும் பாக்டீரியாவினால் ஏற்படும் தொற்றுநோய் ஆகும். எலிகளிலும் அவற்றின் மீது வாழும் தெள்ளுப்பூச்சிகளிலும் இப்பாக்டீரியா நிலைத்திருக்கின்றது. மனிதப் பேன்களால் பரவும் கொள்ளை டைபஸ், தமிழகத்திலும் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் ஆகியவை வேறு நோய்களாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1950களில் பெரிதும் ஒடுக்கப்பட்ட எலித்தெள்ளுக் காய்ச்சல், அண்மைக் காலத்தில் அங்கு மீண்டும் பெருகியுள்ளது.

பரவும் முறை

தொற்றுள்ள எலியின் குருதியை உறிஞ்சும் தெள்ளின் குடலில் பாக்டீரியா பெருகி, அதன் எச்சத்துடன் வெளியேறுகின்றது. கடித்த இடத்தை மனிதர் சொறியும்போது அவ்வெச்சம் தோலின் கீறல் வழியாக உடலினுள் நுழைகின்றது. கொள்ளைநோயான பிளேக்கில் எலிகள் மடிந்து விழுவது ஓர் எச்சரிக்கையாக அமையும். இந்நோயிலோ எலியும் தெள்ளும் நலமாகவே வாழ்கின்றன. எனவே முன்னறிகுறி எதுவும் கிடைப்பதில்லை.

ஒடுக்கமும் மீள்வரவும்

இந்நோய்க்குக் கொறிணிகளே உறைவிடமாக இருக்கலாம் என்று கென்னத் மாக்சி 1926 இல் கருதினார். 1931 இல் எலித்தெள்ளுகளிலிருந்து நோய்க்கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. 1944 இல் ஐக்கிய அமெரிக்காவில் 5,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 1945 முதல் எலித்தடங்களில் டி.டி.டி. தூள் தூவப்பட்டதுடன் எலி ஒழிப்பும் மேற்கொள்ளப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் நோய் பெருமளவு குறைந்தது.

ஆயினும் பாக்டீரியா அழியவில்லை. தெற்குக் கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் ஒப்போசம் என்னும் பைம்மாவினம், பூனை, பூனைத்தெள்ளு ஆகியவற்றைக் கொண்ட மற்றொரு சுழற்சி அறியப்பட்டுள்ளது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2010 இல் 31 பேருக்கு இந்நோய் பதிவானது. 2022 இல் இவ்வெண்ணிக்கை 171 ஆக உயர்ந்தது. அவ்வாண்டில் மூவர் உயிரிழந்தனர்.

கட்டுப்பாடு

எலியை மட்டும் கொல்வது இந்நோய்க்குத் தீர்வாகாது. எலி இறந்தால் அதன் உடலை விட்டு நீங்கும் தெள்ளுகள், அருகிலுள்ள மனிதரையும் வளர்ப்பு விலங்குகளையும் நாடுகின்றன. ஆகவே முதலில் தெள்ளையும், பின்னர் எலியையும் ஒழிப்பதே முறையாகும். ஒப்போசம், பூனை வழியான சுழற்சி உள்ள இடங்களில் எலி ஒழிப்பினால் கிடைக்கும் பயன் மேலும் குறைவு. வளர்ப்புப் பூனை, நாய்களுக்குத் தெள்ளு மருந்து இடுவதும், உணவுக் கழிவுகளை மூடி வைப்பதும் அங்கு இன்றியமையாதவை.

மருத்துவம்

காய்ச்சல், தலைவலி, உடல்வலி, தோல் தடிப்பு ஆகியன முக்கிய அறிகுறிகள். தடிப்பு எல்லோரிடமும் தோன்றுவதில்லை. ஆதலால் வேறு காய்ச்சல் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. டாக்சிசைக்ளின் என்னும் மருந்தினால் பெரும்பாலானோர் விரைவில் குணமடைகின்றனர். குருதிச் சோதனை முடிவுக்குக் காத்திராமல், ஐயம் எழுந்த உடனேயே மருந்தைத் தொடங்குவது உயிரிழப்பைத் தவிர்க்க உதவும்.