பங்க் ரொக்கிற்கு இனிய மெட்டு ஆகாதா?

கிறீன் டே என்ற அமெரிக்க இசைக்குழுவை பங்க் ரொக் வகைக்குள் சேர்க்கலாமா, கூடாதா என்ற சர்ச்சை 1994ஆம் ஆண்டில் சூடுபிடித்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அது ஓய்ந்தபாடில்லை. இரசிகர்களில் ஒரு சாரார் முன்வைக்கின்ற வாதம் மிகவும் எளிமையானது. பங்க் என்றால் கரடுமுரடாகவும் ஆவேசமாகவும் ஒலிக்கவேண்டும். வாய்க்குள் முணுமுணுக்கக்கூடிய இனிய மெட்டு வந்துவிட்டால் அது பங்க் அல்ல, வெறும் பொப் இசையே என்கிறார்கள் அவர்கள். அரசியல் கட்சிகளுக்குள் உண்மையான கொள்கைவாதிகள் யார் என்று நடைபெறுகின்ற சண்டைகளைப் பல வருடங்களாக எழுதிவந்திருக்கும் எனக்கு இந்த வாதத்தின் தொனி புதியதல்ல. ஆனால், வரலாறு அவர்களின் பக்கத்தில் இல்லை என்பதே எனது அபிப்பிராயம்.

நியூயோர்க்கில் 1973 டிசம்பரில் திறக்கப்பட்ட சிபிஜிபி என்ற மதுபானசாலையின் மேடையில்தான் இந்த இசை வளர்ந்தது. அங்கு கவிதையையும் ரொக்கையும் கலந்து பாடிய பட்டி ஸ்மித்தும், ஒரே பாட்டைப் பத்து நிமிடங்களுக்கு வாசித்த டெலிவிஷன் குழுவும், பொப் மெட்டுக்களை மறைக்காமல் பாடிய புளொண்டியும் அன்று ஒரே பெயரினாலேயே அழைக்கப்பட்டனர். அவர்களோடு வந்த ரமோன்ஸ் குழுவினர் 1976 ஏப்ரலில் வெளியிட்ட முதலாவது இசைத்தட்டைத்தான் பங்கின் மூலநூல் போன்று எல்லோரும் காட்டுகிறார்கள். சுமார் 6,400 டொலர் செலவில் பதிவுசெய்யப்பட்ட அதில் 14 பாடல்கள் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்று 1962ஆம் ஆண்டில் கிறிஸ் மொன்ரெஸ் பாடிப் பிரபலமான நடனப்பாடல். கிற்றாரின் இரைச்சலைச் சற்று விலக்கிக் கேட்டால் மற்றைய பாடல்களிலும் 1960களின் பெண்கள் குழுக்களின் மெட்டுக்களே எட்டிப்பார்க்கும். அதாவது, இனிமையை நீக்கிவிட்டால் மூலநூலே மிஞ்சாது.

மான்செஸ்டரின் பஸ்கொக்ஸ் குழுவினர் சுமார் 500 பவுண்களைக் கடனாகத் திரட்டி 1977 ஜனவரியில் சொந்தமாகவே ஒரு சிறிய இசைத்தட்டை வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் இசைக் கம்பனிகளை நம்பியிராமல் இயங்கலாம் என்ற துணிவைப் பலருக்கும் கொடுத்தது அதுதான். அதே குழுவின் பீற் ஷெல்லி (2018இல் காலமானார்) எழுதிய பாடல்கள் பெரும்பாலும் காதலின் ஏமாற்றத்தைப் பற்றியவை. காதலிக்கப்படுபவர் ஆணா, பெண்ணா என்று கூறாமலேயே எழுதுவதில் அவர் கவனமாக இருந்தார்.

எனக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் வட அயர்லாந்தில் இருந்து வருகிறது. டெரி நகரில் 1972 ஜனவரி 30ஆம் திகதி ஊர்வலம் சென்றவர்கள் மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றைய தினமே இறந்தனர். இராணுவக் காவலரண்களுக்கு மத்தியில் வளர்ந்த அந்த நகரத்தின் இளைஞர்கள் ஐவர் அண்டர்டோன்ஸ் என்ற பெயரில் 1978இல் பாடியது என்ன தெரியுமா? அயலில் உள்ள ஒரு பெண் மீதான விடலைப் பருவ ஏக்கத்தைத்தான். பிபிசியின் ஜோன் பீல் அதைத் தனது நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரு தடவைகள் ஒலிபரப்பினார். அதே காலத்தில் பெல்பாஸ்டின் ஸ்டிஃப் லிட்டில் பிங்கர்ஸ் குழுவினர் குண்டுகளையும் படையினரையும் பற்றியே உரத்துப் பாடினர். அவர்களுடைய பாடல்வரிகளை எழுதுவதில் கோர்டன் ஒகில்வி என்ற பத்திரிகையாளருக்குப் பெரும் பங்கிருந்தது. இவர்களில் யார் உண்மையான பங்க் என்று அன்றே தர்க்கித்தார்கள்.

போர்க்காலத்தில் எமது பத்திரிகை அலுவலகத்துக்கு வந்த காதல் கவிதைகளைப் பார்த்து 'இந்த நேரத்தில் இதுவா?' என்று ஒதுக்கிவைத்தவர்களில் நானும் ஒருவன். இன்று அவ்வாறு செய்யமாட்டேன். சுற்றிவளைப்புக்கு மத்தியிலும் பதினெட்டு வயதுக்காரனாகவே இருப்பேன் என்று அடம்பிடிப்பதும் ஒரு எதிர்ப்புத்தான். அந்த இரு குழுக்களில் ஒன்றை வெளியே தள்ளுவதற்கு எனக்கு மனமில்லை.

உண்மையில் கிறீன் டே விவகாரத்தில் பிரச்சினை மெட்டு அல்ல, பணம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் என்ற மண்டபம் 1986ஆம் ஆண்டின் இறுதி நாளில் திறக்கப்பட்டது. தொண்டர்களால் நடத்தப்படும் அந்த மண்டபத்தில் பெரிய கம்பனிகளுடன் ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கு இடமில்லை என்பது விதி. அங்கு வளர்ந்த கிறீன் டே, வோர்னர் குழுமத்தின் ரிப்றீஸ் ஊடாக 1994இல் 'டூக்கி'யை வெளியிட்டது. கதவு மூடப்பட்டது. அதே ஆண்டில் ஒஃப்ஸ்பிரிங் குழு சுயாதீன நிறுவனமான எபிடாப் மூலம் வெளியிட்ட 'ஸ்மாஷ்' ஒரு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையானது. கம்பனியே அளவுகோல் என்றால் ஒஃப்ஸ்பிரிங் உள்ளே, கிறீன் டே வெளியே. அப்படியானால், ஈஎம்ஐ, ஏ அன்ட் எம், வேர்ஜின் என்று அடுத்தடுத்து மூன்று கம்பனிகளுடன் ஒப்பந்தம் செய்த செக்ஸ் பிஸ்டல்ஸையும், 1977இல் சிபிஎஸ் உடன் ஒரு இலட்சம் பவுண் உடன்பாட்டுக்குப் போன கிளாஷையும் எங்கே வைப்பது?

கில்மன் மண்டபத்தினரை நான் குறைகூறவில்லை. முகவர்களும் கம்பனிக்காரர்களும் நுழைந்தால் குறைந்த கட்டணத்தில் இயங்கும் ஒரு சிறிய இடம் தாக்குப்பிடிக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அது தங்களது இடத்தைக் காப்பாற்றுவதற்கான விதி. அதை இசையின் இலக்கணமாக மாற்றி, இனிமையைக் குற்றமாக்கியவர்கள் பின்னால் வந்தவர்களே. தொழில்முறைப் பாடலாக்கக் குழுவொன்றின் துணையுடன் 2002இல் அறிமுகமான அவ்ரில் லவீனை பங்க் பாடகி என்று விளம்பரப்படுத்தியதை நானும் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் அவரது மெட்டுக்கள் அல்ல. அயலில் உள்ள இளைஞர்கள் தாங்களாகவே கூடி, தங்களைப் போன்றவர்களுக்காக உருவாக்கிய இசையாக அது இருக்கவில்லை என்பதே. கிறீன் டேயின் ஆரம்பகால இசை அவ்வாறு உருவானதுதான்.

ரொக் அன்ட் ரோல் புகழ் மண்டபம் கிறீன் டேயை 2015 ஏப்ரலில் சேர்த்துக்கொண்டது. செக்ஸ் பிஸ்டல்ஸ் 2006இல் வசைபாடி நிராகரித்த அதே கௌரவத்தை இவர்கள் மகிழ்ச்சியுடன் ஏற்றார்கள். அடுத்த மாதமே கில்மன் மேடையில் மீண்டும் ஏறினார்கள். தீவிபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு அராஜகவாதப் பதிப்பகத்துக்கும் அதன் அயலில் இருந்த அச்சகத்துக்கும் நிதி திரட்டுவதற்காக நடைபெற்ற நிகழ்ச்சி அது.