கூலிக்கு மாரடிக்கும் பொம்மைகள்

சாவு வீட்டுக்கு ஒப்பாரி பாடக் கூலிக்கு ஆள் கூப்பிடுவது குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர்களுக்குப் புதிதல்ல. மாரில் அடித்துக்கொண்டு பாடும் பெண்ணுக்கு இறந்தவரை முன்பின் தெரிந்திருக்காது. அது அங்கே கூடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பாடப் பாட, அதுவரை கல்லாய் உட்கார்ந்திருந்த மகள் உடைந்து அழுவாள். பொழுது சாய்ந்ததும் பாட்டுக்காரர் கூலியை வாங்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விடுவார். மனசில் இல்லாத உணர்ச்சியை முகத்தில் காட்டினார் என்று அவரை யாரும் குறை சொன்னதில்லை.

ஆனால் ரோபோக்களின் சிரிப்பையும் அழுகையையும் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், "அதற்கு ஏது மனசு?" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பை யார் இயக்குகிறார்கள், நின்றுபோனால் யார் பதில் சொல்வார்கள் என்பதுதான் அவசரமான கேள்வி.

அமெரிக்காவின் எம்பாடிட் நிறுவனம் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்காக 'மாக்ஸி' என்ற ரோபோவை விற்றது. விலை 799 டாலர். பிள்ளை பேசினால் கேட்கும், முகம் மாற்றும், ஆறுதல் சொல்லும். 2024 டிசம்பரில், எதிர்பார்த்த முதலீடு கைநழுவியதால் மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. மாக்ஸியின் பேச்சோ நிறுவனத்தின் சர்வரை நம்பியிருந்தது. பிள்ளைக்கு இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதம் போனது. பிள்ளைகள் தேம்பி அழும் வீடியோக்கள் பரவின. சர்வர் இல்லாமலும் இயங்கும் வழியைத் தருவதாக நிறுவனம் பிறகு சொன்னது. விற்ற அன்றே செய்திருக்க வேண்டிய ஏற்பாடு அது.

நம் வீட்டு மரப்பாச்சி பேசாது. அதற்குக் கோபமும் கொஞ்சலும் கொடுப்பது குழந்தைதான். அதை எங்கிருந்தும் யாரும் அணைக்க முடியாது.

மாக்ஸிக்கு நேர்ந்ததற்காக இயந்திரத் துணையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. தென் கொரியாவில் தனியே வாழும் முதியவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் 'ஹியோடோல்' என்ற பொம்மையைக் கொடுக்கின்றன. 7 வயதுப் பேரப்பிள்ளையைப் போலப் பேசும் அது, மாத்திரை வேளையை நினைவூட்டும். வீட்டில் நெடுநேரம் அசைவே இல்லையென்றால் ஊழியருக்குத் தகவல் போகும். உயிர் காக்கும் வேலை.

மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில், தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தொட்டவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய்விட்ட மானாவாரிக் கிராமங்களில் இந்த எண்ணிக்கைக்கு விளக்கமே வேண்டாம். "அப்பத்தா, சாப்பிட்டியா?" என்று கேட்கும் பொம்மை அந்தத் திண்ணைகளுக்கும் ஒருநாள் வரும்.

வரட்டும். ஆனால் நினைவு மங்கிய மூதாட்டிக்கு அது பொம்மை என்பதே மறந்துபோகலாம். ஒப்பாரி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்த உண்மை இங்கே தெரியாமல் போகிறது. எளிதில் ஏமாறக்கூடியவர்களைச் சுரண்டும்படி ரோபோக்களை வடிவமைக்கக் கூடாது, அவை இயந்திரம் என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 2010இலேயே வகுத்தார்கள். "என்னை விட்டுடாதே அப்பத்தா" என்று பொம்மை கெஞ்சி, அதனால் வெளியூர் மகன் சந்தாவைப் புதுப்பித்தால், அது அந்த வரம்பைத் தாண்டிய வியாபாரம்.

நம் அரசு இத்தகைய பொம்மைகளை வாங்கும் நாளில் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்: பொம்மை பணத்துக்காகக் கெஞ்சக் கூடாது, வீட்டுப் பேச்சு வெளியே விற்கப்படக் கூடாது, நிறுவனம் மூடினாலும் மாத்திரை நினைவூட்டல் நிற்கக் கூடாது, மாதம் ஒருமுறையாவது ஒரு மனிதர் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.