எதற்கு நன்றி?

யாழ்ப்பாணத் தீவகத்தில், சுருவில் கிராமம் இருக்கும் அதே தீவில்தான் அல்லைப்பிட்டியும் இருக்கிறது. 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி, மக்கள் தஞ்சம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் எறிகணைகள் விழுந்தன. காயப்பட்டவர்களுக்காக ஓடித்திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் ஒரு வாரத்தில் காணாமற்போனார். இந்த மண்ணில் நின்று ‘நடந்த எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லுங்கள்’ என்று பிரசங்கம் வைப்பதை நான் ஒப்பமாட்டேன். சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய பவுலடியாரும் விலங்குக்கு நன்றி சொல்லவில்லை. உதவி அனுப்பிய மனிதரை நினைத்துத்தான் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். நாளாந்தம் நாங்கள் தெரிந்தெடுக்க வேண்டிய நன்றி அதுதான். உவர்க்கிணறுகள் நிறைந்த தீவகத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரும் பவுசர்க்காரரின் பெயர் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்தமுறை வரும்போது கேளுங்கள். ஒரு தேத்தண்ணியும் கொடுங்கள்.