‘சின்ன விஷயம்’ என்று சொன்னது யார்?

இளங்கலை மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு அமெரிக்க இலக்கியம் ஒரு பாடம். ஹெமிங்வேயின் ‘ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபன்ட்ஸ்’ (1927) கதைக்கு ஒரு வாரம் முழுக்க வகுப்பு நடந்தது. சூசன் கிளாஸ்பெல்லின் ‘எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்’ (1917) கதையைப் பேராசிரியர் அரை மணி நேரத்தில் முடித்தார். “நல்ல கதைதான். ஆனா களம் சின்னது. ஒரு சமையலறை, ரெண்டு பொம்பளைங்க, கொஞ்சம் தையல்” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் ‘சின்னக் களம்’ எங்கிருந்து வந்தது? 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி, படுக்கையில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி மார்கரெட் கைதானார். கிளாஸ்பெல் அப்போது டெ மொய்ன் நகர நாளிதழ் ஒன்றின் இளம் நிருபர். வழக்கைத் தொடர்ந்து எழுதினார். தீர்ப்புச் சொன்ன ஜூரியில் ஒரு பெண்கூட இல்லை. அன்று அயோவாவில் பெண்கள் ஜூரியில் அமரவே முடியாது. மார்கரெட் குற்றவாளி என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது ரத்தானது. மறுவிசாரணையில் ஜூரிக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1916இல் கிளாஸ்பெல் இதிலிருந்து ஓரங்க நாடகம் ஒன்றை எழுதினார். அடுத்த ஆண்டு அதையே கதையாக்கினார். நாடகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘ட்ரைஃபில்ஸ்’. அற்ப விஷயங்கள் என்று பொருள்.

கதையில் கணவன் கழுத்தில் கயிறு இறுகிச் செத்துக் கிடந்திருக்கிறான். மனைவி மின்னி சிறையில் இருக்கிறாள். ஷெரிஃப்பும் அரசு வழக்கறிஞரும் கொலைக்கான காரணத்தைத் தேடி மாடிக்கும் கொட்டகைக்கும் அலைகிறார்கள். சமையலறையை எட்டிப் பார்த்து, துண்டு அழுக்காக இருக்கிறது, இவள் நல்ல குடும்பப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அங்கேயே நிற்கும் இரண்டு பெண்களின் கண்ணில் வேறு படுகிறது. பாதி துடைத்த மேசை. ஒட்டுத்துணிப் போர்வையில் அதுவரை சீராக வந்து ஓரிடத்தில் திடீரெனக் கோணிப்போன தையல். கதவு பிய்ந்த பறவைக்கூண்டு. தையல் பெட்டிக்குள் பட்டுத்துணியில் பொதிந்து வைத்த, கழுத்து திருகப்பட்ட பாட்டுக் குருவி. ஒரு திருமணத்தின் முழு வரலாறும் அந்த அறையில் கிடக்கிறது. ஆண்களுக்குக் கண் தெரியாமல் இல்லை. எது பெரியது, எது சின்னது என்று வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் பேராசிரியரும் அப்படித்தான் வந்திருந்தார்.

இப்போது ஹெமிங்வேயிடம் வருவோம். ஸ்பெயினின் ரயில் நிலையம் ஒன்றில் ஓர் ஆணும் இளம்பெண்ணும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கருக்கலைப்பு என்ற சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. மிக எளிய ஆபரேஷன், ஒன்றுமே இல்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவனுக்கு ‘ஒன்றுமில்லாத’ அது, அவளுடைய உடம்பு. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரை நூற்றாண்டாக இருந்த கருக்கலைப்பு உரிமையைப் பறித்தபோது அந்த நாட்டுப் பெண்களுக்கு மறுபடியும் தெரிந்தது. ஹெமிங்வேயின் கதை எனக்குப் பிடிக்கும். அந்த ஆண் பொய் சொல்கிறான் என்று கதைக்குத் தெரியும். என் சண்டை, அதை எங்களுக்குக் கற்பித்த விதத்தோடு. ஒரு வாரம் நாங்கள் பேசியது சொல்லாமல் விடும் கலையைப் பற்றி. அவள் வயிற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆண் எழுத்தாளன் சொல்லாமல் விட்டால் அது கலை. பெண் எழுதாமல் போனால்? டில்லி ஆல்சன் நான்கு பெண்களைப் பெற்று வளர்த்தார், கூலி வேலைகளுக்குப் போனார். முதல் புத்தகம் 1961இல் வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. அதிலுள்ள ‘ஐ ஸ்டாண்ட் ஹியர் அயர்னிங்’ கதையில் ஒரு தாய் துணிக்கு இஸ்திரி போட்டபடியே, சரியாக வளர்க்க முடியாமல் போன மூத்த மகளை நினைக்கிறாள். வறுமை, வேலை நேரம், குழந்தையைப் பிரிந்திருந்த மாதங்கள் எல்லாம் அந்த இஸ்திரிப் பெட்டியோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகின்றன. இதை ‘உருக்கமான தாய்மைக் கதை’ என்று ஒதுக்குவது சுலபம். ஒரு நாட்டின் பொருளாதாரம் ஒரு குழந்தையை என்ன செய்தது என்பதன் கணக்கு அது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2017 டிசம்பரில் கிறிஸ்டன் ரூபேனியனின் ‘கேட் பெர்சன்’ நியூயார்க்கர் இதழில் வந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி, வேண்டாம் என்று மனத்தில் பட்ட பிறகும் மறுத்துச் சொல்லத் தயங்கி ஓர் ஆணோடு படுக்கும் கதை. பலர் அதைக் கதை என்றுகூடச் சொல்லவில்லை. ‘அந்தக் கட்டுரை’ என்றார்கள். பெண் எழுதினால் அது புலம்பல், வாக்குமூலம், நாட்குறிப்பு. கற்பனை என்ற தகுதியைக்கூட எளிதில் தருவதில்லை.

ஆனால் தோழிகளே, இந்த அளவுகோல் ஆண்கள் கையில் மட்டும் இருப்பதில்லை. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (1892) நமக்கெல்லாம் வேதம் மாதிரி. பிள்ளை பெற்ற பின் மனம் தளர்ந்த கில்மனிடம், இனிப் பேனாவைத் தொடாதே என்று சொன்னார் வெய்ர் மிட்செல் என்ற பிரபல மருத்துவர். அதற்குப் பதிலாக எழுதிய கதை அது. பல காலம் திகில் கதையாகவே வாசிக்கப்பட்ட அதை, 1973இல் ‘ஃபெமினிஸ்ட் பிரஸ்’ என்ற சிறு பதிப்பகம் தனி நூலாக்கி நம்மிடம் சேர்த்தது. சரி, அந்தப் பெண் மஞ்சள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்களில் அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார்? மேரி என்று ஒருத்தி. ஒரு வாக்கியத்தில் வந்து போகிறாள். நானும் பல வாசிப்புகளில் அவளைத் தாண்டிப் போயிருக்கிறேன். கறுப்பின மக்களில் ஒரு பகுதியினரைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்க்கலாம் என்று 1908இல் கட்டுரை எழுதியவரும் இதே கில்மன்தான்.

மேரியின் பக்கத்திலிருந்து எழுதினால் எப்படி இருக்கும்? ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘ஸ்வெட்’ (1926) படியுங்கள். டீலியா என்ற கறுப்பினப் பெண் பதினைந்து ஆண்டுகளாக வெள்ளைக்காரர் வீட்டு அழுக்குத் துணியைத் துவைத்து வீட்டையும் கணவனையும் காப்பாற்றுகிறாள். அவள் பிரித்து வைத்த துணியை அவன் காலால் உதைக்கிறான். அவளை விரட்டப் பாம்பைக் கொண்டுவருகிறான். கடைசியில் அது அவனையே கடிக்கிறது. அவள் உதவிக்குப் போவதில்லை. டீலியாவுக்கு வீடு, கில்மனின் நாயகிக்குப் போலச் சிறை அல்ல. தன் வியர்வையால் வாங்கிய ஒரே சொத்து. ‘பெண்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இருவரையும் அடைத்துவிட முடியாது.

ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்தார். புதைத்த இடத்தில் பெயர்கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் ஃபுளோரிடாவில் புதர் மண்டிய இடுகாட்டில் தேடி அலைந்து ஒரு கல்லை நட்டார். 1975இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இலக்கிய விமர்சனம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

ஒரு கதையை ‘சின்னது’ என்று யாராவது சொன்னால், யாருக்குச் சின்னது என்று கேளுங்கள். நமக்குப் பிடித்த கதையிலும் பாத்திரம் கழுவுகிறவள் யார், அவளுக்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாஸ்பெல்லின் கதை முடியும்போது அந்த இரண்டு பெண்களும் செத்த குருவியைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துவிடுகிறார்கள். அன்று அதைப் படிக்கத் தெரிந்த ஜூரி வெளியே இல்லை. இன்று நாம் இருக்கிறோம். இனி எதற்கு ஒளிக்க வேண்டும்? எடுத்து மேசைமேல் வைப்போம்.