மிக்ஸி இரைச்சலும் வானத்துச் சேதியும்

பழைய ரேடியோவில் பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும். அடுக்களையில் மிக்ஸி ஓடினால் பாட்டின் மேல் 'கர்ர்' என்று ஓர் இரைச்சல் ஏறிக்கொள்ளும். மோட்டாருக்குள் தெறிக்கும் சிறு பொறிகள்தான் காரணம். மின்பொறி எங்கே தெறித்தாலும் ரேடியோ அலை கிளம்பும். வீட்டில் இது சில்லறைத் தொந்தரவு. புனேக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், கோடத் கிராமத்தில், இதே சங்கதி ஒரு ரயில் திட்டத்தையே திசை திருப்பிவிட்டது.

திராட்சையும் தக்காளியும் விளையும் அந்த வட்டாரத்தில் 30 பிரம்மாண்டமான கிண்ணங்கள் வானம் பார்த்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அமைத்த ரேடியோ தொலைநோக்கி இது. சூத்திரதாரி, மறைந்த விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப். ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவிலேயே 1970ல் கிடத்தியவரும் அவர்தான். கோடத்தில் தகட்டுக்குப் பதிலாக மெல்லிய எவர்சில்வர் கம்பிவலையைக் கட்டினார். நீண்ட ரேடியோ அலைக்கு வலையின் ஓட்டைகள் ஒரு பொருட்டே அல்ல. காற்றோ தடையின்றிப் புகுந்து போய்விடும். எடையும் மிச்சம், செலவும் மிச்சம்.

பலன்? 880 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு காலக்ஸியிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் அலையை இந்தத் தொலைநோக்கி பிடித்துவிட்டதாக 2023ல் அறிவிப்பு வந்தது. 21 செ.மீ. நீளத்தில் புறப்பட்ட அலை, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போனதில் 48 செ.மீ. ஆக நீண்டு வந்து சேர்ந்தது. இத்தனை மெலிந்த சேதி, பக்கத்தில் பொறி தெறித்தால் காதில் விழாது.

சிக்கல் அங்கேதான். புனே-நாசிக் அதிவேக ரயில் பாதை நாராயண்காவ் வழியாகத் திட்டமிடப்பட்டிருந்தது. கோடத்துக்கு அருகில் உள்ள ஊர் அது. மேல்கம்பியை உரசி ஓடும் மின்சார ரயிலும் பொறி தெறிக்கும். தொலைநோக்கிக்கு இடைஞ்சல் என்று சொல்லி, சீரடி வழியாக மாற்றுப் பாதையை 2025ல் முன்வைத்தது ரயில்வே அமைச்சகம். ஜுன்னர் வட்டாரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ரயில் வந்தால் விளைச்சல் சீக்கிரம் சந்தைக்குப் போகும் என்று காத்திருந்தவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

தொலைநோக்கியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரேடியோ இரைச்சல் குறைவு, சுற்றிலும் மலைகள் அரண் என்பதால்தான் கோடத் தேர்வானது. ரயிலுக்கு வேறு வழி உண்டு. 30 கிண்ணங்களையும் பெயர்த்து வேறு ஊரில் நட முடியாது.

ஆனால் அமைதியின் லாபம் உலகத்துக்கு, நஷ்டம் மட்டும் ஜுன்னருக்கு என்றால் அது நல்ல கணக்கல்ல. ஆண்டுதோறும் தேசிய அறிவியல் தினத்தன்று, பிப்ரவரி 28ல், கோடத்தில் கண்காட்சி பார்க்கச் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் திரளுகிறார்கள். பொறியும் அலையும் அவர்களுக்கு விளங்கிவிடும். தங்கள் ஊருக்கு ரயிலுக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று அவர்கள் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது விஞ்ஞானிகள் அல்ல, அரசு.