சோதனைக்குச் செலவிடுவது வீணா?

ஆலையிலுள்ள கொதிகலனின் வெப்பமானி, 64 என்ற அளவைக் கம்பி வழியே அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 01000000. அருகே ஓடும் மோட்டாரின் மின் இரைச்சலால் முதல் 0 மட்டும் 1 ஆகிவிட்டால், போய்ச் சேருவது 192! விளைவை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய பிழையைப் பிடிக்க 1979-இல் வெளிவந்த மோட்பஸ் முறையில் ஓர் ஏற்பாடு உண்டு. வெப்பநிலையைக் கேட்கும் செய்தி 8 பைட் நீளமுள்ளது. முகவரி, வேலையின் எண், தகவல் ஆகியவற்றுக்கு 6 பைட்; கடைசி 2 பைட் சோதனை எண். செய்தியை ஒரு குறிப்பிட்ட இரும எண்ணால் தனி முறையில் வகுத்தால் வரும் மீதியே அது. பெறும் கருவியும் வகுத்துப் பார்க்கும். மீதி ஒத்துவராவிட்டால் பதில் தராமல் இருந்துவிடும். பதில் வராததால் கேட்ட கருவி மறுபடி கேட்கும்.

செய்தியில் கால் பங்கு சோதனைக்கா என்று கேட்கலாம். பாரிட்டி என்னும் ஒற்றை பிட் சோதனை மலிவானதுதான். ஆனால் ஒரே பைட்டில் இரண்டு பிட்டுகள் மாறினால் அது ஏமாந்துவிடும்.

ஆலைக் கருவிகளைக் கணிப்பொறி வலையுடன் இணைப்பது கேட்வே. அதை அமைக்கும்போது, செய்திகள் அடிக்கடி தள்ளப்படுகின்றனவே என்று சோதனையையே நிறுத்திவிடச் சிலருக்குத் தோன்றும். அது பெருந்தவறு என்பேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? பழுது கம்பியில் இருக்கிறது. அதைச் சீர்செய்வதே முறை.

தவறான விடையைவிட மௌனம் மேல். நாளை நீங்கள் பொறியியலாளர் ஆகும்போது இதை மறவாதீர்கள்!