பழுதைத் தேடும் படிப்பு

திரையில் ஓடிவரும் குறிகளுக்கு ஏற்ப பிளாஸ்ரிக் கிற்றாரின் பொத்தான்களை அழுத்தி ஆடும் இசை விளையாட்டுகள், 2005இல் வந்த ‘கிற்றார் ஹீரோ’வோடு உலகெங்கும் பரவின. பத்து ஆண்டுகளின் பின் அதே வகை விளையாட்டான ‘றொக் பாண்ட் 4’ வெளியானபோது, எக்ஸ்பொக்ஸ் 360க்கென வாங்கிய கம்பியில்லாக் கிற்றார்கள் புதிய எக்ஸ்பொக்ஸ் வண் இயந்திரத்தோடு இணையவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் அடப்டர் வேண்டியிருந்தது. அதைத் தயாரித்த மட் கட்ஸ் நிறுவனம் 2017 மார்ச்சில் வங்குரோத்தானது. அதன் பின்னர் அந்தச் சிறு பெட்டி பழுதானால், ஒரு குறையும் இல்லாத கிற்றார் மூலையில் கிடக்க நேரலாம். இது வன்னிக்கு எட்டாத விளையாட்டுச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையின் ஓர்கனோ முல்லைத்தீவில் ஒரு கோயிலின் ஒலிபெருக்கியோ இதே காரணத்தால் மௌனமாகலாம்: கருவி நல்லது, நடுவில் நிற்பது பழுது. ஆகவே பழுது எங்கே இருக்கிறது என்று ஒழுங்காகத் தேடும் அறிவை எங்கள் பாடசாலைகள் தனிப் பாடமாகவே கற்பிக்கவேண்டும் என்பது என் துணிபு.

அப்படித் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. இரணைமடுக் குளத்தின் தண்ணீர் கடைசி வயலுக்கு வராவிட்டால், கமக்காரர் வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. வாய்க்காலின் நடுவில் போய் நின்று பார்க்கிறார். அங்கே தண்ணீர் ஓடினால் அடைப்பு கீழே, ஓடாவிட்டால் மேலே. விளையாட்டுக் கிற்றாரிலும் பற்றரி, கிற்றார், அடப்டர், யூஎஸ்பி துளை, இயந்திரம் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதே கிற்றாரைப் பழைய இயந்திரத்தோடு இணைத்தால் வரிசையின் பாதி ஒரே சோதனையில் தெளிந்துவிடும். மிடி எனும் மின்னணு இசைக்குறி முறைக்கான அடப்டர் வழியாக இணைத்த மின்னணு டிரம் சில அடிகளைத் தவறவிட்டால், டிரம்மைக் கணினியோடு இணைத்து, ஒவ்வொரு அடிக்கும் 0 முதல் 127 வரையான சுர எண்களில் ஒன்று வந்து சேர்கிறதா என்று பார்க்கலாம். எல்லா அடியும் பதிவானால் டிரம்மும் அதன் வயரும் நல்லவை. சந்தேகம் அடப்டரின் உணர்திறன் அமைப்புக்கு நகர்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும், மாற்றியதை எழுதிவைக்கவேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் கருவி இயங்கத் தொடங்கலாம், ஆனால் எது காரணம் என்பது தெரியாமலே போகும்.

ஓர்கனின் மின் அடப்டர் இதைவிடக் கடுமையான பாடம். கசியோவின் பழைய ஓர்கன்கள் பலவற்றுக்கு 9 வோல்ற். பிளக்கின் நடு முனை மறை. யமஹாவின் பலவற்றுக்கு 12 வோல்ற். நடு முனை நேர். இரண்டு பிளக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொருந்துகிறது என்பதற்காக மாற்றிச் செருகினால், அடப்டரில் மட்டும் இருந்த பழுது ஓர்கனுக்குள்ளும் போய்விடும். மல்ரிமீற்றரில் சரியான வோல்ற் காட்டும் அடப்டர்கூட நல்லது என்று சொல்லிவிட முடியாது. வலுவிழந்த கொள்ளளவி உள்ள அடப்டர், சுமையில்லாதபோது 9 காட்டி, ஓர்கனை இயக்கியதும் சரிந்து விழலாம். ஆகவே இயங்கும் நிலையிலும் அளக்கவேண்டும். ஊகத்துக்கும் அறிவுக்கும் இடையிலான தூரம் இந்த இரண்டாவது அளவீட்டில்தான் இருக்கிறது.

வன்னிக்கு இந்த அறிவு புதிதல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடை பற்றரியையும் எரிபொருளையும் மறித்த ஆண்டுகளில், வவுனியாவுக்கு வடக்கே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். டைனமோவில் பிறப்பது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஒன்றை மற்றதாக்க இருவாயியும் கொள்ளளவியும் வேண்டும். சுவரில் செருகும் அடப்டர் செய்வதும் அடிப்படையில் இதுவே. வறுமையையும் முற்றுகையையும் பெருமையாக்குகிறாய் என்று யாரும் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அந்த ஆண்டுகள் பறித்தவற்றுக்கு எந்தக் கைத்திறனும் ஈடாகாது. பிள்ளைகள் அப்படிக் கற்கவேண்டிய நிலை இனி வரவே கூடாது. ஆனால் தடையின் கீழ் மனிதர் தேடிக்கொண்ட அறிவு தடைக்குச் சொந்தமானதல்ல, அவர்களுக்குச் சொந்தமானது. மின்சாரமும் ரயிலும் வந்துவிட்ட காலத்தில் அதை எழுதிவைத்துக் கற்பிக்காமல் விட்டால், அது அவர்களோடே முடிந்துபோகும்.

புதியது மலிவு, திருத்துவது வீண் செலவு என்பது அடுத்த மறுப்பு. பல வேளைகளில் அது உண்மைதான். அப்போது புதியதை வாங்குவதே சரி. ஆனால் எதை வாங்குவது என்று தெரியவும் பழுதின் இடம் தெரியவேண்டும். அடப்டர் பழுதென்று அறியாதவர் ஓர்கனையே மாற்றுகிறார். மலிவு என்பதும் நிலையானதல்ல: 2022இல் டொலரின் பெறுமதி சில மாதங்களில் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறி, பல இறக்குமதிகளும் நிறுத்தப்பட்டதை இந்த நாடு கண்டது. மின்சாரத்தோடு பிள்ளைகளை விளையாட விடலாமா என்ற அச்சத்தையும் நான் மதிக்கிறேன். 230 வோல்ற் உயிரைக் குடிக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அடப்டரின் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ஆனால் பழுதைத் தேட அடப்டரைத் திறக்கவேண்டியதில்லை. வெளிவரும் தாழ்ந்த அழுத்தத்தை அளந்தால் போதும். திறப்பது பயின்ற தொழிலாளரின் வேலை என்ற எல்லையையும் இந்தப் பாடமே கற்பிக்கும்.

இதற்கு வேண்டியவை ஏற்கனவே இங்கே உள்ளன. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இயங்குகின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு பெட்டி நிறையப் பழுதான அடப்டர்களையும் நான்கைந்து மல்ரிமீற்றர்களையும் வைத்திருக்கலாம். பீடத்தின் மாணவர்கள் தவணைக்கு ஒருமுறை வந்து வழிகாட்டலாம். பரீட்சையில் கருவியை இயங்கவைத்ததற்கு மட்டும் புள்ளி போடாமல், எந்த ஒழுங்கில் தேடினாய், எந்தச் சோதனை எதை விலக்கியது என்று எழுதியதற்கும் புள்ளி கொடுக்கவேண்டும். அப்படிப் பழகிய பிள்ளை நாளை நீர்ப்பம்பியையும் சூரிய மின்தகட்டையும் வைத்தியசாலைக் கருவியையும் அதே பொறுமையோடு அணுகும். செய்தவர் கைவிட்ட பொருளையும் வைத்திருப்பவர் கைவிடாமலிருக்க, அந்தப் பொறுமையும் ஒழுங்கும்தான் வேண்டும்.